காபி மணக்காத வீட்டிலிருந்து

கும்பகோணம்,
தை மாதம்

அன்புள்ள விஜயாவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கல் கழிந்தும் பதில் வரவில்லை என்று என்னை எத்தனை பேரிடம் கரித்துக் கொட்டினாய் என்பதை லலிதா தொலைபேசியில் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். ஆகவே திட்டும் படலம் முடிந்ததாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு மணம் தெரிவதில்லை. கார்த்திகையில் வந்த காய்ச்சல் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. முதலில் சளிதான் காரணம் என்று இருந்தேன். சளி வடிந்து, மூச்சு தாராளமாகப் போய்வரத் தொடங்கிய பிறகு, கட்டிப் பெருங்காயத்தைத் தட்டி உள்ளங்கையில் வைத்து மூக்கோடு ஒட்டிப் பிடித்தேன். தும்மல் வந்ததே தவிர மணம் வரவில்லை. இங்கே ஒரு மருத்துவரிடம் போனால், கண் தெரிகிறது, காது கேட்கிறது, இந்த வயதில் மூக்குக்கு என்ன அவசரம் என்று கேட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். நம் ஊர்ச் சாக்கடைகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அடித்தது யோகம் என்கிறார் என் மைத்துனர். கண்ணையோ காதையோ இழந்தவரிடம் யாராவது இப்படிப் பேசத் துணிவார்களா? மூக்கு மட்டும் ஏன் இத்தனை இளக்காரமாகிவிட்டது என்ற எரிச்சலில் படிக்கத் தொடங்கியவளுக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. நீ உயிரியல் படித்தவள், நான் வங்கிப் பேரேட்டில் காலம் கழித்தவள் என்பதெல்லாம் சரிதான். இருந்தாலும் இம்முறை பாடம் நடத்துவது நான், நீ கடைசி பெஞ்சில் உட்கார்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இழப்பு எனக்கு உறைத்தது அங்கேதான். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சியிலும் காளானிலும் தக்காளியிலும் உள்ள உமாமி ஆகியவற்றை மட்டுமே. மற்றபடி நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்புறமாக மூக்குக்குள் ஏறும் மணம். அந்த வழி அடைபட்டதும் சீரகமும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் என் ரசத்திலிருந்து ஒரே நாளில் மறைந்து, புளித்த வெந்நீர் மிஞ்சியது. நம் விடுதி ரசத்துக்கு நான் செய்த பாவமெல்லாம் இப்போது திரும்பி வந்திருக்கிறது என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மிளகின் காரம் மட்டும் போகவில்லை. அது மணத்திலும் சேராது, சுவையிலும் சேராது, முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் கொண்டுசெல்லும் வேறொரு நரம்பின் வழியாகப் போவது.

மூக்கின் உட்கூரையில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள ஒரு சவ்வில்தான் இந்த வித்தை முழுவதும் நடக்கிறது. மூளையோடு நேரே இணைந்த நரம்பு செல்கள் வெளிக்காற்றுக்கு இத்தனை அருகில் வந்து நிற்கும் இடம் உடலில் வேறு இல்லை. அவற்றின் இழைகள் சல்லடை போல் துளையிட்ட ஓர் எலும்பைக் கடந்து மூளைக்குள் நுழைகின்றன. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் 1991இல், மணத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்ற புரதங்களுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு செல்லில் ஒரு வகைதான் இருக்கும், ஆனால் ஒரு மணம் பல வகைகளைத் தூண்டும், ஒரு வகை பல மணங்களுக்கு அசையும். எவையெவை சேர்ந்து அசைந்தன என்பதைக் கொண்டுதான் மல்லிகை எது, கருகிய பால் எது என்று மூளை தீர்மானிக்கிறது. கொரோனாக் காலத்தில் அத்தனை பேருக்கு மணம் போயிற்றே, அப்போது அந்தக் கிருமி பெரும்பாலும் தாக்கியது நரம்பு செல்களை அல்ல, அவற்றைச் சுற்றியிருந்து பராமரிக்கும் துணைச் செல்களை என்று பிறகு தெரியவந்தது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலைக்காரர்கள் படுத்துவிட்டார்கள், குடும்பமே நின்றுபோயிற்று.

மனிதனுக்கு மோப்பசக்தி மட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், நம் எல்லாருடைய மூக்கையும் அறுத்தவர் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் என்று தெரிகிறது. பேச்சுக்குரிய மூளைப்பகுதியைக் கண்டறிந்த அதே பெரிய மனிதர்தான். மனித மூளையின் முன்பகுதி பெருத்திருப்பதையும், மணத்தை வாங்கும் குமிழ் அதனோடு ஒப்பிடச் சிறுத்திருப்பதையும் பார்த்தவர், மனிதன் மூக்கின் பிடியிலிருந்து விடுபட்டு அறிவுக்கு உயர்ந்தவன் என்று கருதி, 1879இல் நம்மை மோப்பத்தை நம்பாத விலங்குகளின் வரிசையில் சேர்த்தார். ஒருவரையாவது முகரச் சொல்லிப் பார்த்து எடுத்த முடிவல்ல இது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் மெக்கான் 2017இல் இந்தக் கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அந்தக் குமிழில் உள்ள நரம்பு செல்களின் எண்ணிக்கை பல பாலூட்டிகளுக்குள் பெரிதாக வேறுபடுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். அதற்குப் பத்தாண்டு முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் கண்ணையும் காதையும் மூடி, கைக்கு உறை மாட்டி, புல்வெளியில் மண்டியிடச் செய்து, சாக்லெட் மணம் ஏற்றிய நூலைப் பின்தொடரச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பாதையைப் பிடித்துவிட்டார்கள், பழகப் பழக வேகமும் கூடியது, ஒரு நாசியை அடைத்தால் தடுமாறினார்கள். நம் சுந்தரியை அங்கே விட்டிருந்தால் நூலைப் பற்றிக்கொண்டே போய்ச் சாக்லெட் தொழிற்சாலையின் வாசலில் நின்றிருப்பாள்.

நாய்க்கு நாம் நிகர் என்று சொல்ல வரவில்லை. நாயிடம் ஏற்பி வகைகள் நம்மைப் போல் இரு மடங்கு. உன் மணி தூங்கும்போது அவன் மூக்கைப் பக்கத்தில் போய்ப் பார். ஒவ்வொரு நாசியின் ஓரத்திலும் வளைந்த வெட்டு ஒன்று இருக்கும். வெளிவிடும் மூச்சு அதன் வழியே பக்கவாட்டில் பின்னோக்கிப் போய்விடுவதால், முகர்ந்துகொண்டிருக்கும் மணத்தை அவன் மூச்சே கலைத்துவிடுவதில்லை. ஆனால் நாயும் யானையிடம் தோற்கும். ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000 மரபணுக்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் இருக்கின்றன. அதைவிட என்னை அசத்திய செய்தி அங்கே உங்கள் மலையடிவாரத்தோடு தொடர்புடையது. 2002இல் நேச்சர் இதழில் ராஸ்முசென் என்ற அமெரிக்க ஆய்வாளர் மற்றொருவரோடும் நம் யானை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியோடும் சேர்ந்து மதநீரைப் பற்றி எழுதியிருக்கிறார். இளம் ஆண் யானையின் மதநீர் தேன் போல் மணக்கிறது, முதிர்ந்த யானையின் மதநீர் நாறுகிறது. நான் இன்னும் சிறுவன், என்னோடு மோதாதீர்கள் என்று இளையவை மூத்தவற்றுக்கு அந்தத் தேன்மணத்தால் சொல்லிவிடுகின்றன என்பது அவர்களுடைய விளக்கம். மதநீரை வண்டு மொய்க்கும் என்று நம் புலவர்கள் பாடியதைக் கற்பனை என்று நினைத்துத்தானே நாம் தேர்வு எழுதினோம்? உன் வீட்டுக்காரர் முதுமலையில் பணியில் இருந்த காலத்தில் அந்த மருத்துவரைப் பார்த்திருக்கக்கூடும், கேட்டு எழுது.

விளையாட்டு போதும், விஜயா. எனக்குள்ள பயத்தையும் எழுதிவிடுகிறேன். சமையல் எரிவாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். 1937இல் டெக்ஸாஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து, ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்ட பிறகே இப்படிக் கலப்பது சட்டமாயிற்று. பிணவாடையிலும் இந்தச் சேர்மம் இருப்பதால், கலிபோர்னியாவில் நீண்ட எரிவாயுக் குழாய்களில் கசிவு எங்கே என்பதை மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகளை வைத்தே பொறியாளர்கள் கண்டுபிடித்தார்களாம். கழுகுக்குத் தெரிவது என் அடுப்படியில் எனக்குத் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுத்தவள் மறுபடி எழுந்துபோய்ப் பார்க்கிறேன். மகன் ஓசை எழுப்பும் கருவி ஒன்றை வாங்கி மாட்டியும் மனம் அடங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் பல ஆண்டுகளுக்கு முன்பே மூக்கில் தெரியத் தொடங்கலாம் என்று படித்த இரவு, அம்மாவின் கடைசி ஆண்டுகளில் பால் திரிந்தது அவளுக்குத் தெரியாமலே இருந்ததை நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன். எனக்குக் காய்ச்சலோடு திடீரென்று போனது, அப்படி மெல்ல மெல்லத் தேய்ந்ததல்ல என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். லலிதாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

சென்ற வாரம் முதல் ஏதோ திரும்பி வருகிறது, ஆனால் கோணலாக வருகிறது. டிகாக்ஷன் இறங்கும்போது அடுப்படி முழுவதும் ரப்பர் எரியும் நாற்றம். வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம். நான் மட்டுமல்ல, பல்லாயிரம் பேர் இப்படித் தவித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் காபியின் மணத்தைக் கூறு கூறாகப் பிரித்து முகரவைத்து, பலருக்கு இந்த அருவருப்பை உண்டாக்குவதில் முதன்மையானது குறிப்பிட்ட ஒரு கந்தக மூலக்கூறு என்று 2022இல் கண்டார்கள். நல்ல மூக்குக்குக் காபியை மணக்கச் செய்வதும் அதுதான் என்பது கொடுமை. இருப்பினும் இது நல்ல அறிகுறியாக இருக்கலாம். மூக்கின் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. புதியவை முளைத்து இணைப்புகளைத் தேடும் காலத்தில் இப்படிக் குளறுபடி ஆகலாம் என்கிறார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மெல் 2009இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் காலையும் மாலையும் கவனம் வைத்து முகர வேண்டும்; பன்னிரண்டு வாரம் தொடர்ந்து செய்தவர்களில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்குத்தான், எல்லாருக்கும் இல்லை. ஆனால் செலவும் இல்லை, தீங்கும் இல்லை என்பதால் நான் தொடங்கிவிட்டேன். பன்னீர் ரோஜா கொல்லையில் இருக்கிறது, எலுமிச்சையும் கிராம்பும் கடையில் கிடைக்கின்றன. இங்கே விற்கும் நீலகிரித் தைலத்தில்தான் என்னென்ன கலந்திருக்கிறார்கள் என்று சொல்ல என்னிடம் மூக்கில்லை. ஆகவே கோத்தகிரியில் காய்ச்சி இறக்கும் இடத்துக்கே போய், நீயே முகர்ந்து பார்த்து, ஒரு சிறு புட்டி வாங்கி அஞ்சலில் அனுப்பு. லலிதாவிடம் மட்டும் கொடுத்தனுப்பாதே. பாதியைத் தன் முழங்காலுக்குத் தேய்த்துவிட்டு மீதியைத்தான் கொண்டுவருவாள்.

என்றும் அன்புடன்,
சரோஜா