டிலைட் தியேட்டரின் கேபினை விட்டுவிடாதே

அன்புள்ள கண்ணுக்கு,

கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் இருந்த டிலைட் தியேட்டரைப் பற்றி வரைபடத்தோடு எழுதப் போவதாகச் சொன்னாய். கட்டடமே இல்லாமல் போன பிறகாவது யாராவது ஒழுங்காக எழுத வேண்டும்.

"தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்" என்று மட்டும் ஆரம்பிக்காதே. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 1913-லேயே எலக்ட்ரிக் தியேட்டரைத் திறந்துவிட்டார். பின்னால் டிலைட் என்று பெயர் மாறிய வெரைட்டி ஹாலைச் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டியது 1914-ல். நம்மவர் கட்டிய முதல் நிரந்தர அரங்குகளில் ஒன்று என்று எழுது, அதுவே பெரிய பெருமை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர் அவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அதன் பிறகுதான் கோவையில் நிலைகொண்டார்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வர 1932 ஆயிற்று. அதற்கு முன்பே தியேட்டர் ஓடியதென்றால், தனக்கு வேண்டிய மின்சாரத்தை அவரே உற்பத்தி செய்தார் என்று பொருள். அதே மின்சாரத்தில் அச்சகமும் ஓட்டினார். முகப்பையும் முதல் படத்தையும் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நீ கேபினை, அதாவது புரொஜெக்டர் ஓடும் அறையை எழுது.

அந்தக் காலத் தியேட்டர்களில் வெளிச்சம் தந்தது கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே நிறுத்தி, டி.சி. கரண்ட் கொடுத்து, முனைகளை ஒரு முறை தொடவைத்து விலக்கினால் நடுவில் தீப்பொறி நின்று எரியும். பின்னால் இருக்கும் குழிக்கண்ணாடி அந்த ஒளியைப் பிலிம்மீது குவிக்கும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், ஆர்க் துடித்து அணைந்துவிடும். நெருக்கிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். முனை கண்ணாடியின் குவியத்தை விட்டு நகர்ந்தால் திரையில் நீலமோ பழுப்போ ஏறும். கறுப்புக் கண்ணாடி வழியே இதைக் கவனித்துத் திருகிக்கொண்டே இருப்பதுதான் ஆபரேட்டரின் பாதி வேலை. புகை போகக் கூரையில் குழாய் இருக்கும், வரைபடத்தில் அதையும் காட்டு.

பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம், இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஒரே மெஷின் என்றால் ரீலுக்கு ஒரு இடைவேளைதான். இரண்டு மெஷின் இருந்தால், ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி வரும். அதைப் பார்த்து இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏறக்குறைய ஏழு விநாடியில் அடுத்த புள்ளி வந்ததும் மாற்ற வேண்டும். ஒரு நொடி தவறினால் வெறும் வெள்ளைத் திரை.

பிலிம் அறுந்தால் படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கத்தைப் பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டும் சிமென்ட் தடவி, ஓரத்து ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி அழுத்துவார்கள். சுரண்டல் அரைகுறையானால் அடுத்த காட்சியிலேயே பிரிந்துவிடும். ஒரு பிரேமுக்கு நான்கு ஓட்டை. ஒன்று தள்ளிப்போனாலும் படம் குதிக்கும்.

1950-களின் தொடக்கம்வரை புழங்கியது நைட்ரேட் பிலிம். தீப்பிடித்தால் ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீரில் அணையாது. புரொஜெக்டரில் ஒளி பிலிம்மீது விழும் இடமான கேட்டில் சிக்கிக் கொஞ்சம் நின்றாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒளி அரங்குக்குள் போகக் கேபின் சுவரில் விட்ட ஓட்டைகளுக்கு மேல் இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், சூடேறினால் அவை தாமாக விழுந்து அடைக்கும்.

முடிவை நீட்ட வேண்டாம். டி.வி. வந்தது, டிஜிட்டல் வந்தது, பழைய ஊர் நடுவே மனை விலை ஏறியது. ஒற்றைத் திரை அரங்குகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வரைபடம் முடிந்ததும் அனுப்பு சாமி. கேபின் ஓட்டைகளின் உயரத்தை மட்டும் நான் ஒரு முறை பார்த்துவிடுகிறேன், அங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா