குறட்டைக்குப் பல் மருத்துவரா?

ஆசிரியருக்கு,

என் கணவரின் குறட்டைக்குப் பல் மருத்துவரிடம் வழி கிடைத்தது என்றால் இன்னும் பலர் சிரிக்கிறார்கள். குறட்டைச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அது சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் போகும் அந்தச் சில நொடிகள்தான் பயம்.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 18 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 15 முதல் 30 வரை நடுத்தர நிலையாம். தூங்கும்போது மூச்சுப் பாதை மூடிக்கொள்ளாமல் காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடி அவருக்கு ஒத்துவரவில்லை. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்துகொடுத்த, தூங்கும்போது பல்லில் மாட்டும் கவசம் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து நிறுத்துகிறது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைப்பதில்லை. முதல் வாரம் தலையணை முழுக்க எச்சில்! காலையில் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் கொஞ்சம் மாறியிருக்கும், அரை மணியில் சரியாகும். நாளடைவில் நிரந்தரமாகவே மாறலாம் என்பதால் மருத்துவர் அவ்வப்போது பார்க்கிறார்.

பரிசோதனையே இல்லாமல், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரெடிமேட் கவசத்தை மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்தால்தான் கவலை. சத்தம் அடங்கலாம், மூச்சுத்தடை குறைந்ததா என்று யார் பார்ப்பது? கவசத்தோடு மறுபடி பரிசோதித்த பிறகுதான் 18 என்பது 6 ஆனது எங்களுக்கே தெரிந்தது.

- ஒரு வாசகி