ஆங்கில இலக்கணக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கையேட்டு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். எல்லாரும் தமிழ்வழி. ஆங்கிலப் பாடத்துக்கு அவர்கள் நம்பியிருப்பது உங்களில் யாராவது எழுதிய கையேட்டைத்தான். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி டென்ஸ் அட்டவணையைப் பார்க்காமலே எழுதிக் காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பன்னிரண்டு கட்டம். ‘வில் ஹேவ் பீன் வாக்கிங்’ வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. சரி, ‘நேற்று நான் நடக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லு என்றேன். ‘ஐ டிட் நாட் வாக்கெட்’ என்றாள். சின்ன வாக்கியம், இரண்டு தவறு. இரண்டையும் திருத்த அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் ஒரு வரி இல்லை.

‘வாக்’ என்ற வினைக்கு மொத்தமே நான்கு வடிவம்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். மற்றதெல்லாம் முன்னால் வந்து நிற்கும் துணைவினைகளின் வேலை. நம் ‘நட’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள் என்று நிகழ்காலத்துக்கே பத்து. மூன்று காலத்துக்கும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. இத்தனையையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பேசிப் பழகிய பிள்ளைக்கு, நான்கு வடிவத்தைப் பன்னிரண்டு கட்டமாக்கிப் பயமுறுத்துகிறோம்.

அவளுடைய முதல் தவறுக்கு வருவோம். எதிர்மறையில் ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலம் அதற்குள் போய்விடுகிறது. வினை பழையபடி ‘வாக்’ என்றே நிற்கும். இது நமக்குப் புதிதா? நடந்தேன், நடந்தான் என்று சொல்லும் நாம், இல்லை என்று சொல்ல வரும்போது ‘நடக்கவில்லை’ என்கிறோம். காலம் காட்டும் ‘ந்த்’ போய்விட்டது, ஏனும் ஆனும் போய்விட்டன. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் ஒரே ‘நடக்கவில்லை’. இதைச் சொன்னதும் அந்தப் பெண், “அப்போ அதுவும் நம்மள மாதிரிதானா?” என்றாள். அப்புறம் அவள் அந்தத் தவறைச் செய்யவில்லை. ‘டஸ்’ வந்தால் எஸ் உதிர்வதும் இதே கணக்குதான்.

அந்த எஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ என்றால் ‘வாக்கெஸ்ட்’, அவன் என்றால் ‘வாக்கெத்’ என்று தனித்தனி விகுதி இருந்தது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் இவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். இன்றைக்கு வழக்கமான வினைகளில் மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை எஸ்தான்.

இரண்டாவது தவறு உச்சரிப்பு. பிள்ளைகள் ‘வாக்கெட்’, ‘ஹெல்ப்பெட்’ என்று படிப்பதற்குக் காரணம் எழுத்தில் ஈ இருப்பது. பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது, பிறகு தேய்ந்துவிட்டது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலை ‘லேர்னட் ஃப்ரெண்ட்’, அதாவது கற்றறிந்த நண்பர், என்கிறார்களே, அங்கே அந்தப் பழைய அசை இன்னும் உயிரோடு இருக்கிறது. விதியை நம் வழியில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வினை ட் ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை, ‘வான்ட்டட்’, ‘நீடட்’ என்று. ட்-டுக்குப் பின்னால் இன்னொரு ட் உச்சரிக்க முடியாதே, அதனால் நடுவில் ஓர் உயிரொலி நுழைகிறது. மற்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளும் ட் மட்டும் போதும்.

உங்கள் கையேடுகளில் தமிழில் உச்சரிப்பு தருகிறீர்கள், நல்லது. ஆனால் ‘பிளேட்’ என்று போட்டால் அது விளையாடினானா, சாப்பாட்டுத் தட்டா? நம் ட வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒன்றுதான். தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பிளே’ என்னும்போது கடைசிவரை அதிர்கிறது, அந்த அதிர்விலேயே ட்-டையும் சொன்னால் விளையாடினான். ‘வாக்’ கடைசியில் அதிராது, அதனால் அங்கே வல்லின ட்.

அமெரிக்காவில் 1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் அகராதியில் இல்லாத வினைகளைச் சொல்லி, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். ‘ரிக்’ என்றதற்கு ‘ரிக்ட்’ எனப் பலரும் சொன்னார்கள். ட் ஒலியில் முடிந்த வினைகளில்தான் அதிகம் தடுமாறினார்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்த இடம் கடினம் என்றால், நம் கையேட்டில் அதற்கு அரைப் பக்கமாவது வேண்டாமா?

இன்னும் இரண்டு இடத்தில் தமிழே காலை வாருகிறது. ‘தினமும் காலையில் நடப்பேன்’ என்பது நமக்குப் பழக்கம், பிள்ளை அதை ‘ஐ வில் வாக் டெய்லி’ ஆக்குகிறது. ‘அவர் நேற்று போன் பண்ணியிருந்தார்’ என்பது ‘ஹி ஹேட் கால்ட் மீ எஸ்டர்டே’ ஆகிறது. முதலாவதில் வெறும் ‘வாக்’, இரண்டாவதில் வெறும் ‘கால்ட்’ போதும் என்று எந்தக் கையேடும் சொல்லி நான் பார்க்கவில்லை. இதில் பெரியவர்களும் விழுகிறோம், நான் உட்பட.

தேர்வில் அட்டவணையைத்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். இருக்கட்டும், அட்டவணையை எடுக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் ‘நடந்தேன்’, ‘நடக்கவில்லை’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எதிரே ‘ஐ வாக்ட்’, ‘ஐ டிட் நாட் வாக்’ என்று அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
திண்ணையில் பாடம் சொல்லித்தரும் ஒருவர்