சேலை கொடுக்கும் படம் போதும் ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். பந்தல், பின்னால் பெரிய பேனர், வரிசையில் கிராமத்துப் பெண்கள், ஆளுக்கொரு சேலை, நடுவில் மாலை போட்ட பெரியவர் ஒருவர். ஆன்மிக அறக்கட்டளையின் கிராம சேவை என்று தலைப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன்தான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் மார்கழி பஜனை கோஷ்டி ஒன்று உண்டு. அதில் யாரோ கிளப்பிவிட, ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருளர் குடும்பங்கள் இருக்கும் ஓர் ஊருக்கு நூற்றைம்பது சேலையும் புளியோதரைப் பொட்டலமும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். எல்லாம் கொடுத்து முடித்துக் கிளம்புகிற நேரம், ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேலை கெடக்குது சாமி, பேரனுக்குச் சாதி சர்டிபிகேட் வாங்கித் தருவீங்களா? பள்ளிக்கூடத்துல கேட்டுக்கினே இருக்காங்க."

சரி, ஒரு சான்றிதழ்தானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீசோடு முடிகிற வேலை, பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்பார்கள். அப்பா சின்ன வயதிலிருந்து செங்கல் சூளையில் கிடந்தவர், அவரிடம் எங்கே இருக்கும்? சித்தப்பா, மாமன் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடி, மனு எழுதி, விசாரணைக்கு அதிகாரி வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அன்றைக்குக் கூலி போகும். ஒன்பது தடவை பஸ் ஏறினேன், பதினாலு மாதம் ஆனது. நூற்றைம்பது சேலையை விட அந்த ஒரு காகிதம்தான் அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது, அதைக் கொடுப்பதற்கு மாலையும் பேனரும் தேவைப்படவில்லை, கூட அலைய ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், நம் சமயத்தின் பெயரால் கிராமத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மையங்கள் நிறைய இருக்கின்றன, அவை உங்கள் பக்கங்களில் வருவதே இல்லை. ஒரு நாள் விநியோகம் மட்டும் வருகிறது. மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி 2000-ல் எய்ம் ஃபார் சேவா அமைப்பைத் தொடங்கினார். மலைக் கிராமத்துப் பிள்ளை படிப்பை விடுவதற்குப் பல நேரம் காரணம் பள்ளிக்கூடத்தின் தூரம்தான், ஆகவே பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கிப் படிக்க இலவச விடுதி. சத்ராலயம் என்று பெயர். யோசனை எவ்வளவு எளிமை பாருங்கள், ஆனால் விடுதி என்றால் 365 நாளும் சோறு போட்டாக வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி எழுந்து பார்க்க வேண்டும். கேமரா அந்த நேரத்தில் வராது.

சின்மயா மிஷனின் கிராம மேம்பாட்டுப் பிரிவான கார்டு (CORD) அமைப்பும் அப்படித்தான். 1985-ல் இமாசலத்தில் சித்தபாரி என்ற இடத்தில் கிராம மருத்துவ வேலையாக ஆரம்பித்தது. டெல்லியில் குழந்தை மருத்துவராக இருந்த க்ஷமா மைத்ரே அங்கே போய்த் தங்கிவிட்டார், 2008-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தால் போதாது என்று பெண்களைக் குழுவாகச் சேர்த்து வேலையை விரித்தார்கள். அவர்களுக்கு நம் தாமரைப்பாக்கத்தில் ஒரு மையம் இருக்கிறது. செங்குன்றம் தாண்டினால் வந்துவிடும், உங்கள் நிருபருக்கு அரை நாள் வேலை.

வடசென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் மயிலாப்பூர் சமாசாரம் என்று ஒரு நினைப்பு. நாம் குடிக்கிற தண்ணீரையாவது யோசிக்கலாம். ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் 1996-ல் பூண்டி ஏரிக்கு வந்தது, ஆனால் கால்வாய் சரியில்லாமல் வழியிலேயே பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் அந்தக் கால்வாயைச் சத்ய சாய் அறக்கட்டளைதான் தன் செலவில் சீர் செய்து கொடுத்தது, 2004-ல் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே அனந்தப்பூர் மாவட்டத்தில் சுமார் 700 கிராமங்களுக்குக் குடிநீர் கொடுத்தவர்கள் அவர்கள். சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் கடவுள் மறுப்பாளரான கலைஞரே வந்து மேடையில் உட்கார்ந்தார். புழலிலிருந்து வரும் குழாயைத் திறக்கும்போது இது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

அதையும் விடுங்கள், வள்ளலார் நம் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்தவர், திருவொற்றியூருக்கு நடந்து போய் வந்தவர். அவர் 1867-ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அவரை இந்து என்று சொல்லலாமா கூடாதா என்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் நான் வரவில்லை. சாதி பார்க்காமல் சோறு போட்டார், ஒரு நாளோடு நிறுத்தவில்லை. எனக்கு அது போதும்.

சாதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழுக்கு அலைந்த பழக்கத்தில் அந்தப் பக்கமே இன்னோர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தோம். பிள்ளையார் கோயில் மண்டபம், நல்ல காற்று, ஃபேன் கூட இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் வந்தார்கள், காலனியிலிருந்து ஒருத்தர் இல்லை. படிப்பில் அக்கறை இல்லை போலிருக்கிறது என்று நானே பேசியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆறு வாரம் கழித்து ஒரு பையன்தான் சொன்னான், "அங்க நாங்க ஏற மாட்டோம் தாத்தா." யாரும் ஏறாதே என்று சொல்லவில்லையாம், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம்! அடுத்த வாரமே சத்துணவுக் கூடத்து வராந்தாவுக்கு மாற்றினோம். ஃபேன் போச்சு. ஊர்ப் பிள்ளைகளில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள், காலனியிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். நின்ற ஏழில் நான்கு பேர் பரீட்சை நெருங்கியதும் தானாக வந்து உட்கார்ந்தார்கள், அது வேறு கதை.

சமய அமைப்புகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான், மையத்தை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. ராயபுரம் டீக்கடையில் ஒரு நண்பர் இதெல்லாம் மதம் வளர்க்கத்தான் என்பார், இன்னொருவர் மற்ற மதத்தார் செய்தால் மட்டும் இனிக்கிறதா என்பார், டீ ஆறிப்போகும். இரண்டு பேரும் இதுவரை எங்கள் வேனில் ஏறியதில்லை.

ஆகவே ஆசிரியர் ஐயா, விநியோகப் படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அந்தப் படம் எடுத்த ஊருக்கு ஒரு வருடம் கழித்து உங்கள் நிருபரை ஒரு தடவை அனுப்புங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, என்ன நின்றுபோனது என்று எழுதுங்கள். எங்களைப் பற்றியும் எழுதலாம். போன மழையில் மூன்று வாரம் நாங்கள் போகவில்லை, அதையும் சேர்த்தே எழுதட்டும்.

அந்தப் பாட்டியின் பேரன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் பத்தாவதுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை, எனக்கு எட்டாவது கணக்கோடு சரக்கு தீர்ந்துவிட்டது. கணக்கு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஞாயிறு காலை ஆறரைக்குத் தண்டையார்பேட்டை மகாராணி பஸ் ஸ்டாப்பில் வேன் நிற்கும், ஒரு வாரம் வந்து பார்க்கட்டும். வழியில் டீயும் பன்னும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81