கோட்டை தேவாலயத்து லத்தீன் கல்வெட்டுகளைக் காக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர், மண்ணடி, சென்னை.

பெறுநர்: உயர்திரு தொல்லியல் அலுவலர் அவர்கள், சென்னை.

பார்வை: எனது முந்தைய இரண்டு மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள் தாங்கள் அறியாதவை அல்ல. தலைமைச் செயலகத்துக்கு வரும்போது நாலடி தள்ளி நடந்தால் அங்கேதான்.

1. இவை இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம், முன்பு சட்டக் கல்லூரி நடந்த வளாகத்தில் இருந்த பழைய இடுகாட்டுக் கற்கள். 1758-59 கோட்டை முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் இருந்து தாக்கியதால், பிறகு பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். ஆகவே இந்தக் கற்களுக்கு அடியில் அந்த மனிதர் இல்லை. எழுத்து மட்டும்தான் மிச்சம்.

2. அந்த எழுத்துதான் போய்க்கொண்டிருக்கிறது ஐயா. வெயில், மழை, கடல் உப்புக்காற்று, எல்லாவற்றுக்கும் மேல் செருப்புக் கால். ஒரு கல்லில் ‘ஹிக்’ மட்டும் நிற்கிறது. லத்தீனில் ‘இங்கே’ என்று அர்த்தம். இங்கே யார் என்பது மழுங்கிவிட்டது. சாயங்கால வெயில் சரிந்து விழும்போது குப்புறப் படுத்துப் பார்த்தால் இரண்டு எழுத்தின் நிழல் தெரிகிறது, விரலால் தடவினால் அதுவும் இல்லை. ரோமன் எண்ணில் ஒரு எக்ஸ் தேய்ந்தால் செத்தவர் பத்து வருடம் முன்பே செத்தவராகிவிடுகிறார். ஆயுளெல்லாம் பிழை திருத்தியவன் நான். விழுந்த எழுத்தை ஓரத்தில் குறித்தால் மறுநாள் சரியாகிவிடும். இங்கே யாரிடம் குறித்துக் கொடுப்பது? இரண்டு முறை கொடுத்தாகிவிட்டதே!

3. ஆங்கிலேய அரசு அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இலேயே சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளை நூலாகத் தொகுத்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாக ஒப்பிட்டாலே எது போனது என்று தெரிந்துவிடும். லத்தீன் தெரிந்த ஆள் இல்லை என்று காரணம் சொல்ல வேண்டாம், எழுத்தைப் பார்த்து எழுதக் கண் போதும்.

4. மைப்படி, அதாவது கல்மேல் தாளை அழுத்தி மை ஒற்றி எடுக்கும் நகல். புகைப்படம். இரண்டும் எடுங்கள்.

5. மிதிபடும் இடத்தில் ஒரு கயிறாவது கட்டுங்கள். கோடி ரூபாய்த் திட்டமா கேட்கிறேன்? கயிறு ஐயா, கயிறு!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். வரும் மழைக்காலத்துக்கு முன் மைப்படியாவது எடுக்க உத்தரவிடும்படி மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இந்த முறை மனு பெற்றதற்கு ஒரு ரசீதாவது தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்