பூச்சு வேலைக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடத்தை மூன்று நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாலும் ஜன்னல்களும் நன்றாக அமைந்திருக்கின்றன. ஓரத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது: “வீடு முழுக்க ஸ்மார்ட்டா இருக்கணும், ஆனா எதுவும் கண்ணில் படக் கூடாது.” நல்ல ஆசைதான். ஆனால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

உன் பழைய வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சுவரைத் தடவினால் சுவிட்ச் இல்லை, வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகைதான் இருந்தது. தொட்டேன், வாசல் விளக்கு எரிந்தது. இன்னோர் இடத்தில் தொட்டேன், ஹாலில் விசிறி சுற்றியது. எனக்கு வேண்டிய விளக்கு மட்டும் கடைசி வரை எரியவில்லை. உன்னை எழுப்ப மனசில்லாமல் இருட்டிலேயே நடந்து கட்டைவிரலை மேஜைக் காலில் இடித்துக்கொண்டேன். மறுநாள் நொண்டியதற்கு வாயுப்பிடிப்பு என்று சொன்னது பொய்.

அதனால் கருவியை மறை, சுவிட்சை மறைக்காதே. கை தேடும் இடத்தில் கை எதிர்பார்க்கிற பொத்தான் இருக்கட்டும். காலிங் பெல்லுக்கு வைப்பார்களே, அழுத்தி விட்டால் தானே திரும்பி வரும் சுவிட்ச், அதைப் போடு. அதன் பின்னால் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச், உட்கார்ந்துகொள்ளும். போனிலும் இயக்கலாம், விரலாலும் இயக்கலாம். வைஃபை படுத்துவிட்டாலும் விளக்கு எரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண சுவிட்ச்தான். நீ கேட்ட மறைவு இதுதானே?

இதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, ஆழமான சுவிட்ச் பெட்டி. உலோகப் பெட்டியானால் ரேடியோ அலை அடிபடும், அதையும் பார்த்துக்கொள். இன்னொன்று நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. சாதாரண சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டுகிறது, அதனால் பெட்டிக்கு நியூட்ரல் கம்பி கொண்டுவராமலே வயரிங்கை முடித்துவிடுவார்கள். ரிலே அப்படியல்ல. எப்போதும் விழித்திருக்க அதற்குத் துளி மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாமலே ஓடும் வகையும் விற்கிறது. அது அந்தத் துளியை விளக்கு வழியாகவே இழுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி பல்பு அந்தத் துளிக்கே மினுக் மினுக்கென்று கண் சிமிட்டும். நம் வீட்டில் நான் அவசரப்பட்டு மாட்டியது அந்த வகைதான். “இந்த வீட்டில் விளக்குக்குக்கூட அரைத்தூக்கம்தான்” என்றாள் உன் அம்மா. ஆகவே எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல். இப்போது சொன்னால் ஒரு கம்பி கூடுதல், அவ்வளவுதான். பூசிய பிறகு சொன்னால் சுவரை வெட்ட வேண்டும்.

அப்புறம், வெறும் பைப். இன்றைக்கு ஒன்றும் ஓட்டாவிட்டாலும் ஒவ்வொரு அறைக்கும் 25 மி.மீ. பைப் ஒன்றை உள்ளே கயிறு கோத்துக் காலியாகவே விட்டுவை. திரைச்சீலை மோட்டார், வாசல் பூட்டு என்று நாளைக்கு எது வந்தாலும் வழி இருக்கும். இணையக் கேபிளை மின் கம்பியோடு ஒரே பைப்பில் திணிக்க விடாதே. கூரை நடுவில் வைஃபை பெட்டிக்கு கேட்6 என்ற வகை இணையக் கேபிள் ஒன்று போதும், அதற்கேற்ற கருவிகளாக வாங்கினால் அதிலேயே மின்சாரமும் போய்விடும், பக்கத்தில் பிளக் தேவையில்லை. ஒரு கேபிள் 100 மீட்டருக்குள் இருந்தால் சரி. அந்தப் பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்து அழகு பார்க்காதே. அலை வெளியே வராது, உள்ளே சூடும் ஏறும்.

கதவு திறந்ததா என்று சொல்லும் காந்த சென்சாரை நிலைக்குள்ளேயே புதைக்கலாம். தச்சர் நிலை செய்யும்போதே துளை போட்டுவிட்டால் போதும். எல்இடி பட்டைகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியைப் பொய்க்கூரைக்குள் போட்டு மூடிவிடுவார்கள், விடாதே. முதலில் பழுதாகிறது பெரும்பாலும் அதுதான். கை நுழைய ஒரு மூடி வை.

என்ன கருவி என்று கேட்டாய். பெயர் சொல்ல மாட்டேன். நான் முதலில் வாங்கியது ஒரு கம்பெனியின் சர்வரை நம்பி ஓடியது. அவர்கள் சர்வரை மூடிய நாளில் என் பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொது விதிமுறை வெளிவந்தது. வேறு வேறு கம்பெனிக் கருவிகளும் அதில் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அது உண்டா என்று பார்த்து வாங்கு.

கேமராவை மட்டும் ஒளிக்காதே. வீட்டுக்கு வருகிறவர் எங்கே பார்க்கப்படுகிறார் என்று அவருக்குத் தெரியட்டும். அறைகளுக்குள் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மாப்பிள்ளைக்கு வேறு எண்ணம் இருக்கலாம், பேசிக்கொள்ளுங்கள். படுக்கையறையில் ராத்திரி முழுக்க நீலமாக மின்னும் புள்ளி உள்ள எதையும் வைக்காதீர்கள். உன் அம்மா இங்கே அப்படி ஒன்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறாள்.

பூச்சு வேலை எப்போது ஆரம்பிக்கிறார்கள்? முந்தின நாள் அளவு டேப்பைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வை. பைப் எங்கே போகிறது என்று அப்புறம் யாருக்கும் நினைவிருக்காது. எனக்கும் அனுப்பு. வடக்குச் சுவர்ப் பெட்டிகளின் உயரம் வரைபடத்தில் இல்லை, அதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா