தோளில் ஏறும் திருவாதிரை

ஆசிரியருக்கு,

விண்மீன் கூட்டங்களை டாட்டூவாகக் குத்திக்கொள்கிறார்கள், சந்தோஷம்தான், ஆனால் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுக் குத்தினால் என்ன? ஓரியன் என்ற வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று புள்ளிகளையும் ஸ்கேல் வைத்தது போல நேராகப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஓரத்து விண்மீன் மின்டாகா கொஞ்சம் விலகி, மங்கலாக இருக்கும். அதே கூட்டத்தின் சிவந்த திருவாதிரையும் எதிர்மூலையின் நீலவெள்ளை ரைகலும் டாட்டூவில் ஒரே கறுப்பு, ஒரே அளவு. அந்த நிற வித்தியாசம்தானே அழகு!

அப்புறம் ராசியைக் குத்துவது. மே 1 பிறந்தவர் மேல்நாட்டுக் கணக்கில் ரிஷபம். நம் பஞ்சாங்கத்தில் அன்று சூரியன் மேஷத்தில், நாம் ராசி என்பதோ சந்திரன் நின்ற இடம். (வீட்டில் சண்டையே வரும்.) என்னைக் கேட்டால் ஜென்ம நட்சத்திரம் போதும், கார்த்திகைக்கு ஆறு புள்ளிக் கொத்து. நெருக்கி மட்டும் வைக்காதீர்கள், வருடம் போகப் போக மை தோலுக்குள் பரவி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாசகர், மதுரை